கைகளை எண்ணிய பிறகே பண்டிகைக்கு நாள் குறிக்கிறோம்

2009-ஆம் ஆண்டு எங்கள் திருமணத்தை நடத்திவைக்க ஒரு ரபியை, அதாவது யூத மதகுருவை, தேடி அலைந்தபோதுதான் மனிதநேய யூதம் என்று ஓர் இயக்கம் இருப்பதை நான் அறிந்தேன். நான் திருச்சியில் பிறந்தவள். என் கணவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் வளர்ந்த யூதர். யூதரல்லாத ஒருவரை யூதர் மணப்பதைத் தங்கள் நெறி அனுமதிக்கவில்லை என்று மூன்று ரபிகள் மரியாதையுடன் மறுத்துவிட்டார்கள். நான்காவதாகப் பேசிய பெண் ரபி எங்கள் மதத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒருவருக்கொருவர் என்ன வாக்குக் கொடுக்கப்போகிறீர்களோ அதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். என் பெற்றோர் புரோகிதர் இல்லாமல் மாலை மாற்றி உறுதிமொழி கூறி மணந்துகொண்டவர்கள். 1967-இல் தமிழ்நாட்டில் சட்ட ஏற்புப் பெற்ற அந்தச் சுயமரியாதைத் திருமண முறையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, ஹுப்பா என்னும் விதானத்தின் கீழ் நின்று, கடவுளின் பெயரைச் சொல்லாமல் வாக்குறுதி கூறி, கண்ணாடிக் கோப்பையை மிதித்து உடைத்து முடிந்த அந்தத் திருமணம் சற்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

இந்த இயக்கத்தை 1963-இல் டெட்ராய்ட் நகரின் புறநகர்ப் பகுதியில் எட்டுக் குடும்பங்களோடு தொடங்கியவர் ஷெர்வின் வைன். சீர்திருத்த யூத மரபில் ரபியாகப் பட்டம் பெற்ற அவர், தாம் நம்பாத ஒன்றை வழிபாட்டில் வாய்விட்டுச் சொல்வது நேர்மையாகாது என்று முடிவு செய்து, சபையின் வாசகங்களிலிருந்து கடவுளை நீக்கினார். யூதரின் மொழி, வரலாறு, பண்டிகை, இசை எல்லாம் மக்கள் தாமே படைத்த பண்பாடு என்பதால், நம்பிக்கை இல்லாத யூதருக்கும் அவற்றில் முழு உரிமை உண்டு என்பது அவருடைய நிலைப்பாடு. அவர் நிறுவிய பர்மிங்ஹாம் டெம்பிளில் யூதரின் மறைநூலான தோராவின் சுருள் வழக்கமான புனிதப் பேழையில் வைக்கப்படாமல் நூலகத்தில் வைக்கப்பட்டது. கூடத்தின் முகப்பில், மனிதர் என்று பொருள்படும் ‘ஆதாம்’ என்ற எபிரேயச் சொல் இடம்பெற்றது. 1969-இல் மனிதநேய யூதச் சங்கமும், 1985-இல் அதன் பயிற்சி நிறுவனமும் அமைந்தன. ரபியை அமர்த்த வசதியில்லாத சபைகளுக்காக, உறுப்பினர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சடங்குகளை நடத்தும் தகுதி அளிக்கும் ஏற்பாடும் அந்த நிறுவனத்தில் உண்டு. அப்படித் தகுதி பெற்றவரை மத்ரிக் என்றும், பெண்ணானால் மத்ரிகா என்றும் அழைப்பார்கள். வழிகாட்டி என்று பொருள். எங்களைப் போன்ற சிறிய சபைகள் உயிரோடிருப்பதற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

எங்கள் சபையில் ஏறத்தாழ நாற்பது குடும்பங்கள் இருக்கின்றன. சொந்தக் கட்டடம் கிடையாது. ஒரு தேவாலயத்தின் கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம். யூதரல்லாத வாழ்க்கைத் துணைவர்களும் முழு உறுப்பினர்கள் என்பதால், 2012-இல் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தபோது அதில் யாருக்கும் வியப்பு ஏற்படவில்லை. அந்தப் பொறுப்பிலும், பின்னர் பொருளாளர் பொறுப்பிலும் இருந்து கற்றுக்கொண்டவற்றை, எந்தச் சமூகமானாலும் சிறிய அமைப்பொன்றைச் சம்பளமில்லாத கைகளைக் கொண்டு நடத்துகிறவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து இங்கே எழுதுகிறேன்.

மரபுவழி யூதச் சபையில் சில தொழுகைகளைச் சொல்ல வயதுவந்த பத்துப் பேர் கூடியாக வேண்டும். ஒருவர் வராவிட்டால் மற்ற ஒன்பது பேரின் கடமையும் தடைப்படும். அந்த விதியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. எங்களிடம் கட்டளையிடுகிறவர் யாரும் இல்லை. வராததால் யாருக்கும் பாவம் சேரப்போவதில்லை. வாசலில் நின்று பெயரைச் சொல்லி வரவேற்கிற ஒருவரும், நேரத்திற்குத் திறந்து விளக்கேற்றிய கூடமும், முன்கூட்டியே கொதித்திருக்கும் காபியும்தான் எங்களிடம் கட்டளையின் இடத்தில் இருக்கின்றன. ஆகவே அந்த வேலைகளைச் செய்கிறவர்கள் சோர்ந்துபோனால் சபையே இல்லாமல் போய்விடும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முதியவரின் எலும்பு முறிவு தேவைப்பட்டது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

எனக்கு முன் இருந்த செயலாளர் பதினோரு ஆண்டுகள் எல்லாவற்றையும் தாமே செய்தவர். கூடத்தைப் பதிவு செய்வது, உறுப்பினர் பட்டியலைப் பராமரிப்பது, செல்லோ வாசிப்பவரை அழைப்பது, மெழுகுவர்த்தி வாங்குவது, யாருடைய பெற்றோரின் நினைவுநாள் எப்போது வருகிறது என்று பார்த்து அட்டை அனுப்புவது என எல்லாமே அவரிடம் இருந்தன. 2012 ஆகஸ்டில் அவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்ந்தார். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷனா செப்டம்பர் 16 மாலை தொடங்க இருந்தது. கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, மின்னஞ்சல் பட்டியலின் கடவுச்சொல் என்ன, பாட்டுத்தாள்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வலியில் படுத்திருந்தவரின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் குறிப்பேட்டில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பொறுமையாகப் பதில் சொன்னார். அன்று எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்னும் தீரவில்லை. பதினோரு ஆண்டுகளாக அவருடைய அன்பைச் சபையின் நிர்வாக முறையாக நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்தக் குறிப்பேட்டில் எழுதியவற்றைப் பிரித்துப் பார்த்தபோது, அவர் ஒருவரே செய்துவந்தது இருபத்துமூன்று தனித்தனி வேலைகள் என்று தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பக்கம் எழுதினோம்: என்ன வேலை, எந்த மாதத்தில் வருகிறது, எத்தனை மணி நேரம் ஆகும், யாரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், சென்ற முறை எது தவறிப்போனது. ஒருவர் இரண்டு வேலைகளுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, ஒரு வேலையை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தொடர விரும்பினால் நிர்வாகக் குழு அவரை மீண்டும் கேட்டு ஒப்புதல் பெற வேண்டும் என்று தீர்மானித்தோம். அதற்குப் பிறகு வேலை கேட்கும் முறையும் மாறியது. கூட்டத்தின் முடிவில் எழுந்து நின்று, உதவ விரும்புகிறவர்கள் முன்வரலாம் என்று அறிவித்தால் எல்லோரும் தலையசைப்பார்கள். வழக்கமாக வருகிற மூவர் மட்டுமே வருவார்கள். ஒருவரைத் தனியாகச் சந்தித்து, எஸ்தர் அரசி யூதரைக் காத்த கதையைக் கொண்டாடும் பூரிம் பண்டிகைக்குக் குழந்தைகளின் வேடப் பெட்டியை எடுத்துவந்து திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும், இரண்டு பயணங்கள், மொத்தம் மூன்று மணி நேரம், பண்டிகை முடிந்ததும் உங்கள் பொறுப்பும் முடிந்துவிடும் என்று சொன்னால், நான் கண்டவரை பெரும்பாலோர் சம்மதித்தார்கள். முடிவு தெரியாத வேலையைக் கண்டே மனிதர்கள் பின்வாங்குகிறார்கள்.

அடுத்த ஆண்டே நாட்காட்டி எங்களைச் சோதித்தது. யூத நாட்காட்டி சந்திரனைப் பின்பற்றும் மாதங்களைச் சூரிய ஆண்டோடு பொருத்த, பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்க்கிறது. அதனால் ரோஷ் ஹஷனாவின் முதல் நாள் செப்டம்பர் 5 முதல் அக்டோபர் 5 வரை எங்கு வேண்டுமானாலும் வரலாம். 2013-இல் அது மிக முன்னதாக, செப்டம்பர் 4 மாலையே தொடங்கியது. அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறை அதற்கு இரண்டே நாள் முன்பு முடிந்திருந்தது. பாதிப் பேர் ஈரி ஏரிக்கரையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள், பள்ளிகள் திறந்த பரபரப்பு வேறு. நாற்காலிகளை அடுக்க நானும் என் கணவரும் எங்கள் சபையின் மத்ரிகாவும் அவருடைய மகனும் மட்டுமே இருந்தோம். அன்றிரவு வீட்டுக்கு வந்து, அதுவரை மாதம் இரு முறை நடத்திவந்த வெள்ளிக்கிழமை ஷபாத் (வார ஓய்வுநாள்) கூட்டங்களை மாதம் ஒரு முறையாகக் குறைக்க வேண்டும் என்று குழுவுக்கு எழுதினேன். சபை சுருங்குகிறது என்று சிலர் வருந்தினார்கள். ஆனால் எண்ணிக்கையைக் குறைத்ததும், முன்பு இரண்டு கூட்டங்களிலும் பதினைந்து பதினைந்து பேராக இருந்தவர்கள் ஒரே கூட்டத்தில் முப்பது பேராகச் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பாட்டும் பேச்சும் நிறைவாக இருந்தன. அப்போதிருந்து ஒவ்வொரு மே மாதமும் முதலில் வேலைப் பட்டியலை விரித்து, எந்தப் பக்கத்தில் பெயர் இருக்கிறது, எதில் இல்லை என்று எண்ணிய பிறகே அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு நாள் குறிக்கிறோம். கூடத்தை மட்டும் பதினெட்டு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுகிறோம்.

எங்களுக்குள் எழுந்த கடுமையான பிரச்சினைகள் வேலையைப் பற்றியவை அல்ல, சொற்களைப் பற்றியவை. பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரில், இறந்தவர்களை நினைக்கும் மரபுவழி நிகழ்வுக்கு யிஸ்கோர் என்று பெயர். ‘அவர் நினைவுகூரட்டும்’ என்று கடவுளை நோக்கிச் சொல்வது அதன் பொருள். மனிதநேய யூதர்கள் அதை நிஸ்கோர் என்று மாற்றிக்கொண்டார்கள். அதற்கு ‘நாம் நினைவுகூர்வோம்’ என்று பொருள். ஓரெழுத்து மாற்றத்தில் பொறுப்பு வானத்திலிருந்து எங்கள் தோளுக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சபையில் நான் மிகவும் நேசிக்கும் சொல் அது. அந்த நேசமே என்னை ஒரு பெரிய தவறு செய்யவைத்தது.

2015-இல் எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் தாயை இழந்தார். அந்த ஆண்டு நிஸ்கோரில் தாம் எழுந்து நின்று கதீஷ் சொல்ல விரும்புவதாக எனக்கு எழுதினார். கதீஷ் பெரும்பாலும் அரமேய மொழியில் அமைந்தது. துக்கம் காப்பவர்கள் சொல்வது என்றாலும் அதில் மரணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, முழுவதும் கடவுளின் பெயரைப் போற்றுவது. நம்பாததைச் சொல்வதில்லை என்பது நம் சபையின் அடித்தளம், ஆகவே இது பொருந்தாது, வேண்டுமானால் மனிதநேய வாசகம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தருகிறேன் என்று நான் மின்னஞ்சலில் பதில் அனுப்பினேன். கொள்கைப்படி அந்தப் பதிலில் பிழை இல்லை. அவர் அந்த யோம் கிப்பூருக்கும் வரவில்லை, அடுத்ததற்கும் வரவில்லை.

மத்ரிகாதான் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் மதியம் முழுவதும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். கடவுளோடு தாம் பேசப்போவதில்லை என்று அவர் சொன்னாராம்; தம் தந்தை இறந்தபோது சமையலறையில் நின்றபடி தாய் முணுமுணுத்த ஓசை அது, அந்த ஓசையைத் தாய்க்குத் திருப்பித் தருவதற்குத் தமக்கு வேறு இடம் இல்லை என்றாராம். இதைக் கேட்ட பிறகு நான் அவரிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். குழுவும் நீண்ட விவாதத்திற்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தது. சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் வாசகங்கள் நாங்கள் உண்மையென்று நம்புகிறவையாகவே இருக்கும். ஆனால் நிஸ்கோரில் பெயர்கள் படிக்கப்படும்போது, எந்த உறுப்பினரும் தம் இறந்தவருக்காகத் தமக்குரிய சொற்களை எந்த மொழியிலும் தனியே சொல்லலாம். மற்றவர்கள் எழுந்து நின்று கேட்பார்கள். ஒரு குடும்பம் இதை ஏற்காமல் விலகிச் சென்றது. அவர்களுடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனாலும் முடிவு சரியென்றே இன்றும் நினைக்கிறேன். என் தந்தை மறைந்த ஆண்டில் அந்த இடத்தில் நின்று நான் இரண்டு குறட்பாக்களைச் சொன்னேன். நாற்பது யூதர்கள் பொருள் புரியாமலே எழுந்து நின்று கேட்டார்கள். சடங்கு சம்பந்தமான எந்தக் கோரிக்கைக்கும் மின்னஞ்சலில் பதில் அனுப்புவதில்லை, பண்டிகைகளுக்கு முந்தைய ஆறு வாரங்களில் வாசகங்களை மாற்றுவதில்லை என்ற இரண்டு விதிகளும் அப்போதுதான் எங்கள் குறிப்பேட்டில் ஏறின.

உணவிலும் இதே கேள்வி வேறு வடிவில் வரும். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர் விடுபட்டதை நினைவுகூரும் பாஸ்கா விருந்தான செடருக்கு முதன்முறை சென்றபோது நான் எலுமிச்சைச் சாதம் செய்து கொண்டுபோனேன். அப்பண்டிகையில் புளித்த மாவு கூடாது என்பதை அறிந்திருந்தேன். ஆனால் கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசியையும் பருப்பையும்கூட அந்த எட்டு நாட்களுக்குத் தவிர்ப்பார்கள் என்பதும், ஸ்பெயின் வழிவந்த செஃபார்தி யூதர்களிடையே அரிசி உண்ணும் வழக்கம் பரவலாக உண்டு என்பதும் எனக்குத் தெரியாது. மேசையில் அதைப் பற்றி எழுந்த உரையாடல் ஒரு மணி நேரம் நீடித்தது. பாத்திரம் காலியாகவும் திரும்பியது. கட்டளை என்பதற்காக அல்ல, பாட்டியின் நினைவுக்காகவே பலர் அரிசியைத் தவிர்க்கிறார்கள் என்று புரிந்த பிறகு, சபை விருந்துக்கு மூன்றே விதிகள் வைத்தோம்: செடரில் புளித்தது கூடாது, எப்போதுமே பன்றியிறைச்சியும் சிப்பி இறால் வகைகளும் கூடாது, ஒவ்வொரு பாத்திரத்தின் மேலும் அதில் சேர்த்த பொருட்களை எழுதி ஒட்ட வேண்டும். முன்பு எழுபது பேருக்கும் மாட்சா என்னும் புளிக்காத அப்பத்தின் மாவில் செய்த உருண்டைச் சூப்பை ஒரே வீட்டில் காய்ச்சுவார்கள். காய்ச்சியவர் செடர் முழுவதையும் அடுப்பருகிலேயே கழிப்பார். இப்போது ஒன்பது மேசைகளுக்கும் தனித்தனிப் பொறுப்பாளர் இருக்கிறார். அந்த மேசையின் செடர் தட்டு (பண்டிகைக்குரிய அடையாள உணவுகளை வைப்பது), திராட்சைச் சாறு, சூப், கடைசியில் துடைத்துப் பெருக்குவது எல்லாம் அந்த மேசைக்காரர்களின் வேலை. விடுதலையைக் கொண்டாடும் விருந்தில் சமையலறைக்குள் அடைபட்ட ஆள் யாரும் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காசோலைகளுக்கு இருவர் கையொப்பம் வேண்டும். ஒரே தவணையில் 250 டாலருக்குக் குறையாமல் நன்கொடை தருகிறவருக்கு வரிவிலக்குப் பெற எழுத்துப்பூர்வமான ரசீது தேவைப்படும் என்பதால், அதை ஆண்டு முடிவுவரை தள்ளிப்போடாமல் அந்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது. எபிரேயத்தில் ‘உயிர்’ என்ற சொல்லின் எழுத்துகளுக்குரிய எண் மதிப்பைக் கூட்டினால் பதினெட்டு வரும் என்பதால் பலர் 18, 36 என்ற தொகைகளில் தருவார்கள். அந்தச் சிறிய தொகைகளை நன்றியோடு ஏற்பது பெரிய தொகையை எதிர்பார்த்துக் காத்திருப்பதைவிட மேலானது. சந்தா கட்ட இயலாதவர் பொருளாளரிடம் ஒரு வரி சொன்னால் போதும், காரணம் கேட்பதில்லை.

குழந்தைகளின் ஞாயிறு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே ஊதியம் பெறுகிறார். பதின்மூன்று வயதில் பிள்ளைகள் தோராவின் ஒரு பகுதியைப் பாடம் செய்து ஒப்பிப்பதற்குப் பதிலாக, யூத வரலாற்றில் தாங்கள் மதிக்கும் ஒரு மனிதரைப் பற்றி ஓராண்டு ஆராய்ந்து சபைமுன் பேசுகிறார்கள். என் மகள் 1656-இல் ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் விலக்கிவைத்த தத்துவஞானி ஸ்பினோசாவைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரல்லாத ஒரு பெரியவர் துணையாக இருப்பார். பண்டிகை வேலைகளுக்கு வராத சிலர் இதற்கு ஆவலுடன் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் நகரத்துத் தொழுகைக் கூடத்தில் பதினோரு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவு அது. வாசலில் சிரித்து வரவேற்பதுதான் எங்கள் அடையாளம் என்றிருந்த நாங்கள், கதவைப் பூட்டிவிட்டு உள்ளிருந்து திறக்கும் முறைக்கு மாறினோம். வரவேற்பவர் ஒருவர், கதவைக் கவனிப்பவர் ஒருவர் என இரண்டு பக்கங்கள் வேலைப் பட்டியலில் கூடின. கதவருகே நிற்பவருக்கு நிகழ்ச்சி எதுவும் காதில் விழாது என்பதால், அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுகிறோம்.

2020-இல் பாஸ்கா ஏப்ரல் 8 மாலை தொடங்கியபோது எல்லோரும் வீட்டுக்குள் இருந்தோம். ஜூம் வழியாக நடத்திய அந்தச் செடரைவிட எனக்கு நினைவில் நிற்பது தொலைபேசிதான். நாற்பது குடும்பங்களையும் இணை இணையாகப் பிரித்து வாரம் ஒருமுறை ஒருவரையொருவர் அழைக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இன்றுவரை அதை விடாமல் தொடரும் இணைகள் உண்டு. ஆனால் நேரிலும் இணையத்திலும் ஒரே சமயத்தில் நடத்துவதற்குக் கூடுதலாக இருவர் வேண்டும். அந்த இருவர் கிடைக்காத மாதங்களில் இணைய ஒளிபரப்பு கிடையாது என்று வெளிப்படையாக அறிவித்துவிடுகிறோம். நடக்கமுடியாத முதியவர்கள் நான்கு பேர் இருப்பதால், நிஸ்கோருக்கு மட்டும் எப்பாடுபட்டாவது ஆளைத் தேடிவிடுவோம்.

ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 அக்டோபர் 7-க்குப் பிறகான மாதங்கள் மிகவும் வலித்தவை. இஸ்ரேலில் உறவினர்களை உடையவர்களும், காசாவில் இறக்கும் குழந்தைகளுக்காகத் தெருவில் நின்றவர்களும், இரண்டும் ஒருவராகவே இருந்தவர்களும் எங்களிடம் உண்டு. சபையின் பெயரால் அறிக்கை விட வேண்டும் என்று இரு தரப்பும் கேட்டன. நாங்கள் அறிக்கை எதையும் வெளியிடவில்லை. வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேசலாம், யாரும் மறுமொழி சொல்லக் கூடாது என்ற முறையில் ஐந்து மாலைகள் கூடினோம். கருத்து மாறியவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்த செடருக்கு எல்லோரும் வந்தார்கள்.

சென்ற ஜூனில் என் பொருளாளர் பொறுப்பு முடிந்தது. முப்பத்தொரு பக்கங்களாக வளர்ந்துவிட்ட குறிப்பேட்டையும் கூடத்தின் சாவியையும் புதிய குழுவிடம் கொடுத்தபோது, நான்கு பக்கங்களில் பெயர் இல்லாமல் இருந்தது. அவற்றில் ஒன்றான பூரிம் நாடகத்தைப் பத்து ஆண்டுகளாக நடத்தியவர் வேறு ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். நான் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, ஆனால் என்னிடம் ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருந்தன. ஜனவரிக்குள் ஒருவர் கிடைக்காவிட்டால் அடுத்த பூரிமுக்கு நாடகம் வேண்டாம், முக்கோணப் பலகாரமான ஹமன்தாஷனை வாங்கிவைத்துக் குழந்தைகளோடு எஸ்தரின் கதையை மட்டும் படித்துக்கொள்ளலாம் என்று குழு எழுதிவைத்திருக்கிறது.